கொரியாக் கம்மல்

என் அப்பாயியின் காதில் கிடந்த ஏழுகல் சிவப்புக் கம்மலுக்கு எங்கள் வீட்டில் கொரியாக் கம்மல் என்று பெயர். சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு பத்தரிடம் 1951-இல் செய்யச் சொல்லி வாங்கியது. அப்போது கொரியாவில் சண்டை. டயருக்கும் பூட்ஸுக்கும் உலகமே ரப்பரைத் தேடிய நேரம். ரப்பர் விலை ஏறியது, தோட்டத்துக் கூலியும் கொஞ்சம் ஏறியது. தாத்தாவும் அப்பாயியும் பால் வெட்டி மிச்சம் பிடித்த காசில் முதன்முதலாகத் தங்கம் என்று ஒன்றைத் தொட்டார்கள். "எங்கேயோ சனங்க செத்துச்சு, நான் கம்மல் போட்டேன்" என்று அப்பாயி சொல்வார். சொன்ன கையோடு கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

அந்தக் கம்மல் இன்று எங்களிடம் இல்லை. ஈப்போவில் ஒரு சீனர் அடகுக்கடையில் 1986-இல் மூழ்கிப்போனது. அதற்கு என் அப்பாதான் காரணம் என்று நான் நம்பினேன். நம்பியதோடு நிற்காமல் பத்துப் பேர் முன்னால் சொல்லவும் செய்தேன். முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. அந்தத் தீபாவளிக் காலை இன்னும் தொண்டையில் முள்ளாக நிற்கிறது. அதை எழுதத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

தாத்தாவிலிருந்து தொடங்கினால்தான் விளங்கும். துறையூர்ப் பக்கத்திலிருந்து 1937-இல் கங்காணியோடு புறப்பட்டு, நாகப்பட்டினத்தில் கப்பலேறி, பினாங்கில் இறங்கியவர். இரண்டு வருடம் சம்பாதித்துவிட்டு அத்தை மகளை அழைத்துக்கொள்வதாகப் பேச்சு. 1938 ஜூனில் இந்திய அரசாங்கம் மலாயாத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதையே தடை செய்துவிட்டது. இங்கே கூலியைக் குறைத்ததும், நம் ஆட்களை நடத்திய விதமும் அங்கே எழுப்பிய கோபம் அது. நியாயமான கோபம். ஆனால் பால்காட்டில் நின்ற என் தாத்தாவுக்கு, அத்தை மகள் வரமாட்டாள் என்கிற சேதியாகத்தான் அது வந்து சேர்ந்தது. அடுத்த லயத்திலிருந்த சேலத்துக்காரர் மகளைக் கட்டிக்கொண்டார். அந்தத் தடை இல்லாவிட்டால் எங்களுக்கு இந்த அப்பாயி இல்லை, இந்தக் கம்மல் இல்லை, நானும் இல்லை.

1940-இல் அப்பா பிறந்தார். அடுத்த வருடக் கடைசியில் ஜப்பான்காரன் வந்தான். கப்பல் நின்றது. வெளியிலிருந்து வந்துகொண்டிருந்த அரிசியும் அதோடு நின்றது. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு. தாத்தாவின் தம்பியைச் சயாம் ரயில் பாதைக்குப் பிடித்துப் போனார்கள், அவர் திரும்பவில்லை. அப்பா இன்றுவரை மரவள்ளிக்கிழங்கைத் தொடமாட்டார். எத்தனை தேங்காய்ப்பூ போட்டு வைத்தாலும் தட்டை ஓரமாகத் தள்ளிவிடுவார். நினைவு தெரியாத வயதில் தின்ற கிழங்கை நாக்கு எப்படி நினைவு வைத்திருக்கிறது என்று எனக்கு ஆச்சரியம்தான். பிறகு வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். 1948 ஜூனில் சுங்கை சிப்புட் தோட்டங்களில் மூன்று துரைமார் சுடப்பட்டதோடு அவசரகாலம் பிறந்தது. காட்டிலிருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, பால் வெட்டப் போகிறவர்கள் சோறு கட்டிக்கொண்டு போகவும் தடை வந்தது. இதெல்லாம் எங்கள் வீட்டில் வரலாறாகச் சொல்லப்பட்டதே இல்லை. "அந்தப் பஞ்சத்துல", "அந்தக் கெடுபிடியில" என்று, மழை வெயிலைப் பற்றிப் பேசுவதுபோலப் பேசுவார்கள். நானும் அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன்.

தோட்டத்தில் எனக்கு நினைவிருப்பது ஆறு வயது வரைக்கும்தான். விடியுமுன் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டுக்குக் கூப்பிடும் மணி, காண்டாக் கம்பின் இரண்டு பக்கமும் பால் வாளி தளும்ப வரும் அம்மா, மழை நாளில் லயம் முழுக்க அப்பிக்கொள்ளும் ஒட்டுப்பால் நாற்றம். ஒரு நாள் அப்பா என்னைத் தம் நிரைக்குக் கூட்டிப்போனார். நெற்றியில் விளக்கு. மரத்தின் முன் குனிந்து, நேற்றைய வெட்டின் மேல் உறைந்திருந்த பாலை விரலால் உரித்தெடுத்தார். கத்தியை வைத்து ஒரே இழுப்பு. நூல் போல ஒரு சீவல் பட்டை சுருண்டு விழுந்தது. வெட்டின் மேல் முனையில் வெள்ளைப் புள்ளிகள் எழுந்து, ஒன்றோடொன்று சேர்ந்து, சரிவில் இறங்கி மங்கில் சொட்டின. "கொஞ்சம் ஆழமாப் போனா மரத்துல படும், மரம் புண்ணாயிரும். மேலோட போனா பால் வராது" என்றார். அந்த மயிரிழை அவர் கையில் இருந்தது. முந்நூறு மரத்திலும் இருந்தது. இதை நான் பின்னால் வசதியாக மறந்தேன்.

தோட்டம் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலம் அது. மலாயா சுதந்திரம் அடைந்ததும் பல வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டு ஊர் திரும்பின. வாங்கியவர்கள் கூறுபோட்டு விற்றார்கள். அதைத் தடுக்கத்தான் சுங்கை சிப்புட்டின் துன் சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தோட்டத் தொழிலாளிகள் மாதம் பத்து வெள்ளி கட்டி, தாங்கள் வேலை செய்த தோட்டங்களைத் தாங்களே வாங்கினார்கள். இந்த நாட்டில் நம்மவர் செய்த காரியங்களில் இதைவிடப் பெரியதாக எனக்கு ஒன்று தெரியவில்லை. எங்கள் தோட்டத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. 1969-க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி வேண்டும் என்றானது. அப்பாயியின் தங்கை வீட்டில் எல்லோரும் சிவப்புக் கார்டு. அவர்கள் பெட்டி கட்டிக்கொண்டு கப்பலேறினார்கள். அப்பாவுக்குக் குடியுரிமைக்கான நீலக் கார்டு இருந்தது. அவர் குடும்பத்தோடு 1976-இல் கோப்பேங்குக்கு வந்து ஈயச் சுரங்கத்தில் சேர்ந்தார்.

ஈயம் என்றால் அப்போது பேராக். கிந்தா பள்ளத்தாக்கு முழுவதும் சுரங்கம், ஈயக்குட்டை, வெள்ளை மணல் மேடு. அப்பா வேலை செய்தது பாலோங்கில். மண்சுவரைத் தண்ணீரைப் பாய்ச்சி உடைத்து, அந்தக் குழம்பை மேலே ஏற்றி, உயரமான மரத்தொட்டியின் சரிவில் விடுவார்கள். மணல் ஓடிவிடும், கனத்த ஈயமண் குறுக்குப் பலகைகளில் தங்கும். அதைக் கிளறிவிட்டுக்கொண்டு முழங்கால் தண்ணீரில் நிற்பது அவர் வேலை. மாலையில் வீட்டுக்கு வந்ததும் ரப்பர் பூட்ஸைக் கழுவி வாசலில் கவிழ்த்து வைப்பார். சம்பளம் தோட்டத்தைவிட நன்றாக இருந்தது. வீட்டில் தொலைக்காட்சி வந்தது. சனிக்கிழமை ஈப்போவுக்குப் போய்த் தமிழ்ப்படம் பார்த்துவிட்டு, புந்தோங்கில் கச்சான் பூத்தே வாங்கிக் கொறித்துக்கொண்டு பஸ் ஏறுவோம்.

1985-இல் நான் மூன்றாம் படிவம். அக்டோபர் கடைசியில் ஒரு நாள் அப்பா மத்தியானமே வீடு திரும்பினார். சுரங்க முதலாளியான தவுக்கே இரண்டு வாரம் பொறுக்கச் சொன்னாராம். இரண்டு வாரம் இரண்டு மாதமாகி, பிறகு ஒரேயடியாக மூடினார்கள். ஏன் என்று அம்மா கேட்டதற்கு அப்பா சொன்ன பதில் இதுதான்:

"லண்டன்ல ஈயத்த வாங்க மாட்டேன்னுட்டானாம்."

யார் கேட்டாலும் அதையேதான் சொன்னார். அக்கம்பக்கத்தில் கேட்டாலும், மாமா கேட்டாலும், லண்டன். எனக்குக் காது கூசும். கோப்பேங்கில் நின்றுபோன வேலைக்கு லண்டனைக் காரணம் காட்டுகிறாரே, இது கையாலாகாதவர் பேச்சு என்று எனக்குத் தோன்றியது. வேலையில்லாத அந்த மாதங்களில் அவர் ஒன்று செய்தார். போகச் சுரங்கம் இல்லாவிட்டாலும், தினமும் மாலையில் பூட்ஸைக் கழுவி வாசலில் கவிழ்த்தார். காய்ந்த பூட்ஸைத்தான் கழுவினார். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அந்த ஈரப் பூட்ஸைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பாயி காதிலிருந்து கம்மலைக் கழற்றியது பொங்கலுக்கு முன்னால். ஆறு மாதத்துக்குள் மீட்டிருக்க வேண்டும். வட்டியைக் கட்டவே வழியில்லை. நாங்கள் புந்தோங்கில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்துவிட்டிருந்தோம். எட்டயபுரம் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் கச்சான் பூத்தே தொழில் செய்யும் கம்பத்தில், அம்மா முறுக்குப் பிழியும் கூலிக்குப் போனார். அப்பா புல் வெட்டினார், மூட்டை தூக்கினார், கடைசியில் கட்டட வேலை நடக்கும் இடத்தில் இரவுக் காவல், ஜாகா வேலை கிடைத்தது. அப்பாயி வெறும் காதில் வேப்பங்குச்சி செருகிக்கொண்டார், 1988-இல் அப்படியே போய்ச் சேர்ந்தார்.

அதே 1988-இல் எனக்கு ஈப்போவில் ஒரு ஜப்பானியத் தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. குளிர்சாதன அறை, நீலச் சீருடை, தலையில் தொப்பி. காலையில் எல்லோரும் வரிசையில் நின்று உடற்பயிற்சி செய்வோம். ஒவ்வொரு திருப்புளிக்கும் பலகையில் அதன் உருவம் வரையப்பட்ட இடம் உண்டு. எடுத்ததை அங்கேயே வைக்க வேண்டும். ஒரு நிமிடத் தாமதம் என்பது தாமதம்தான். எனக்கு அது பிடித்துப்போனது. என்னோடு வரிசையில் உட்கார்ந்தவர்களில் பாதிப்பேர் தோட்டத்துப் பெண்கள். விடியுமுன் கம்பெனி பஸ் லயத்து வாசலுக்கே போய் ஏற்றி வரும். தோட்டத்தில் அம்மாவோடு நிரைக்குப் போயிருக்க வேண்டிய பெண்கள் சொந்தமாகச் சேமிப்புக் கணக்கு வைத்து, கல்யாணத்தைத் தள்ளிப்போட்டு, தம்பிமாரைப் படிக்கவைத்தார்கள். ஒரு தலைமுறைப் பெண்களின் நடையுடை பாவனையே அந்த பஸ்ஸில் மாறியதை நான் கண்ணால் கண்டேன்.

நான் என் பங்குக்கு வீட்டை மாற்றினேன். தொழிற்சாலைத் தரையில் ஒட்டும் மஞ்சள் நாடாவைக் கேட்டு வாங்கி வந்து, சமையலறையில் கேஸ் தோம்புக்கு ஒரு கட்டம், தண்ணீர்க் குடத்துக்கு ஒரு கட்டம், அரிசி டின்னுக்கு ஒரு கட்டம் என்று ஒட்டினேன். செருப்புகளை வெளியே பார்த்தபடி வரிசையாக வைக்கச் சொன்னேன். அம்மா ஒன்றும் சொல்லாமல் கட்டத்துக்குள் குடத்தை வைத்தார். அப்பா விடிகாலையில் ஜாகா வேலை முடிந்து தூக்கக் கலக்கத்தில் வந்து செருப்பைக் கோணலாகக் கழற்றிப் போடுவார். நான் வெளியே போகும்போது அதை நேராக்கி வைப்பேன், அவர் பார்க்கும்படியாக.

1989 தீபாவளி. முதல் தடவையாகப் போனஸ் பணத்தில் எல்லோருக்கும் துணி எடுத்திருந்தேன். மாமா, சித்தப்பா, அத்தை வீட்டார் எல்லோரும் வந்திருந்தார்கள். பேச்சு எப்படியோ கம்மலில் வந்து நின்றது. அப்பாயி கடைசிவரை வெறும் காதோடு போய்விட்டாரே என்று அத்தை கண் கலங்கினார். அப்பா மெதுவாக, "என்ன பண்றது, லண்டன்ல..." என்று ஆரம்பித்தார்.

நான் குறுக்கிட்டேன். "சும்மா லண்டன் லண்டன்னு சொல்லாதீங்கப்பா. வேல தெரிஞ்சவன வேல தேடி வரும். நான் வேலைக்குப் போயி ஒரு வருசத்துல இத்தன பேருக்குத் துணி எடுத்தேன். உங்களால ஒரு கம்மல மீட்க முடியல."

யாரும் எதுவும் பேசவில்லை. அப்பா நான் எடுத்துக் கொடுத்த சட்டையைத்தான் போட்டிருந்தார். தட்டிலிருந்த முறுக்கை எடுத்துப் பாதியாக உடைத்தார், தின்னாமல் திரும்ப வைத்தார். அன்று முதல் அவர் வாயிலிருந்து லண்டன் என்ற சொல் வரவே இல்லை.

2001 டிசம்பரில் சீனா உலக வர்த்தக நிறுவனத்தில் சேர்ந்தது. செய்தியைத் தொலைக்காட்சியில் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சாப்பிடப் போனேன். அடுத்த வருடம் எங்கள் உற்பத்தி வரிசைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிப் பெட்டியில் அடைத்துச் சீனாவுக்கு அனுப்பினார்கள். என் வரிசை இயந்திரங்களுக்கு நானே எண் ஒட்டினேன், அங்கே போய்ச் சரியான இடத்தில் பூட்ட வேண்டுமே என்று. அதன்பின் உணவுக்கூடத்தில் ஒரு கூட்டம், கையில் ஓர் உறை. பதினாலு வருட வேலை. கல்யாணமாகி ஒரு பையன். நான் தாமதமாக வந்ததில்லை, ஒரு திருப்புளியை இடம் மாற்றி வைத்ததில்லை.

சொந்தக்காரர்கள் கேட்டபோது என் வாயில் வந்த பதில்: "சீனாவுல கூலி கம்மியாம், அங்க கொண்டு போயிட்டான்." சொல்லும்போதே எனக்கு உடம்பு சில்லிட்டது. ஊர் பெயர்தான் வேறு.

மறுநாள் காலை அப்பா சைக்கிளில் பத்துக் கிலோ அரிசியை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்தார். மூட்டையை இறக்கிச் சமையலறையில் அந்த மஞ்சள் கட்டத்துக்குள் வைத்தார். "பசியாறிட்டியா?" என்றார். வேலையைப் பற்றிக் கேட்கவில்லை. ஒரு வார்த்தை குத்தலாகச் சொல்லியிருந்தால்கூட எனக்கு இலேசாக இருந்திருக்கும்.

வீட்டிலிருக்க முடியாமல் ஈப்போ நூலகத்துக்குப் போகத் தொடங்கினேன். காலையில் சீருடைச் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொண்டுதான் போனேன். வேறு சட்டை போட மனம் ஒப்பவில்லை. அங்கே ஈயத்தின் வரலாற்றைச் சொல்லும் ஒரு புத்தகம் கைக்குக் கிடைத்தது. ஈயம் விற்கும் நாடுகளும் வாங்கும் நாடுகளும் சேர்ந்து 1956 முதல் அனைத்துலக ஈய மன்றம் என்ற ஒன்றை நடத்தின. விலை விழுந்தால் மன்றமே ஈயத்தை வாங்கிச் சேர்க்கும், ஏறினால் விற்கும். எண்பதுகளில் டின்னுக்குப் பதில் அலுமினியம் வந்தது, மன்றத்தில் சேராத நாடுகள் ஈயத்தைக் கொட்டின. வாங்கிக்கொண்டே இருந்த மன்றத்துக்கு ஒரு கட்டத்தில் கையில் காசில்லை. 1985 அக்டோபர் 24-ஆம் தேதி, இனி வாங்க முடியாது என்று கைவிரித்தது. லண்டன் உலோகச் சந்தை அன்றே ஈய வியாபாரத்தை நிறுத்தியது. விலை பாதியாக விழுந்தது. கிந்தா பள்ளத்தாக்கின் சுரங்கங்கள் வரிசையாக மூடின.

லண்டன்ல ஈயத்த வாங்க மாட்டேன்னுட்டானாம். அப்பா சொன்னதில் ஒரு சொல்கூடக் கூடுதல் குறைவு இல்லை.

அடுத்த சில வாரங்களில் படித்ததுதான் என்னை நிலைகுலைய வைத்தது. அதே 1985-இல், அதற்கு ஏறத்தாழ ஒரு மாதம் முந்தி, செப்டம்பர் 22 அன்று, நியூயார்க்கில் பிளாசா என்ற ஹோட்டலில் அமெரிக்கா, ஜப்பான், மேற்கு ஜெர்மனி, பிரான்ஸ், பிரிட்டன் ஐந்தும் கூடி டாலர் மதிப்பைக் குறைக்க ஒப்புக்கொண்டன. அதுவரை ஒரு டாலருக்கு 240 யென் கொடுத்த இடத்தில், ஓராண்டுக்குள் 160-க்கும் குறைவாகக் கொடுத்தால் போதும் என்றானது. ஜப்பானில் செய்து விற்றால் கட்டுப்படியாகாது என்று அவர்கள் தொழிற்சாலைகள் மலேசியா, தாய்லாந்து என்று இறங்கின. 1982 முதல் டாக்டர் மகாதீரின் கிழக்கு நோக்கும் கொள்கை வாசலைத் திறந்தே வைத்திருந்தது. என் வேலை அப்படி வந்தது. அப்பா வேலையை லண்டனில் பறித்தார்கள், என் வேலையை நியூயார்க்கில் கொடுத்தார்கள், இரண்டுக்கும் நடுவே ஒரே மாதம். எனக்கு வந்ததை என் கெட்டிக்காரத்தனம் என்று எடுத்துக்கொண்டேன். அவரிடமிருந்து போனதை அவருடைய கையாலாகாத்தனம் என்று முகத்தில் அடித்தேன்.

வெளிநாட்டு உறவு என்றால் மந்திரிமார் கைகுலுக்குவது, கொடி கட்டுவது என்றுதான் நான் நினைத்திருந்தேன். அது என் அம்மாவின் சமையலறைத் தரையில் மஞ்சள் நாடாவாக ஒட்டிக் கிடந்தது. ஜப்பானிடமிருந்து வந்ததெல்லாம் நாடாவும் நேரந்தவறாமையும் மட்டும்தான் என்று சொன்னால் நான் பொய்யன். ஈப்போவை ஒட்டிய புக்கிட் மேராவில் ஜப்பானியப் பங்கோடு நடந்த அருமண் ஆலையின் கதிரியக்கக் கழிவை எதிர்த்து ஊர்மக்கள் 1985-இல் வழக்குப் போட்டார்கள். 1992-இல் ஈப்போ உயர்நீதிமன்றம் ஆலையை மூடச் சொன்னது, மேல்முறையீட்டுக்குப் பிறகு 1994-இல் மூடினார்கள். அந்த ஊர்ப் பிள்ளைகளின் நோயைப் பற்றிப் பத்திரிகையில் வந்த காலத்தில், நான் காலை உடற்பயிற்சியில் முதல் வரிசையில் நின்றுகொண்டிருந்தேன்.

இழப்பீட்டுப் பணத்தில் 2003-இல் புந்தோங்கில் சின்னதாக ஒரு மளிகைக்கடை போட்டேன். அந்த வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பாவை வாடகை வேனில் கோல கங்சாருக்குக் கூட்டிப்போனேன். அங்கே 1877-இல் நட்ட ரப்பர் மரம் ஒன்று இன்னும் நிற்கிறது. பிரேசிலின் அமேசான் காட்டிலிருந்து விக்காம் என்ற வெள்ளைக்காரர் 1876-இல் கொண்டுபோன விதை, லண்டன் கியூ தோட்டத்தில் முளைத்து, கன்றாகக் கப்பலேறிச் சிங்கப்பூர் வந்து, அதில் ஒன்பது கன்று கோல கங்சாருக்கு வந்தது. என் தாத்தாவைத் துறையூரிலிருந்து கூப்பிட்டது இந்த மரம்தான். அப்பா அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். அவரிடம் எப்படியாவது மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்றுதான் கூட்டிப்போனேன். வாய் வரவில்லை. சுற்றி வளைத்து, லண்டன் மன்றத்தைக் கவிழ்த்த ஈயத்தில் ஒரு பெரிய பங்கு எங்கிருந்து வந்தது தெரியுமா என்று கேட்டேன். அதே பிரேசில், அதே அமேசான் காடு, பிட்டிங்கா என்ற புதுச் சுரங்கம். அங்கே தோண்டத் தோண்ட மலிவாக ஈயம் வந்தது, இங்கே கோப்பேங் மூடியது.

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "அங்கயும் சனங்க சாப்புடணுமில்ல" என்றார். வேனை நோக்கி நடந்தார்.

கடைக்காரனான பிறகு எனக்கு நாடுகள் மூட்டையில் வருகின்றன. பருப்பு ஆஸ்திரேலியா, பூண்டு சீனா, மிளகாய் ஆந்திரா. பக்கத்துத் தாமானில் பாதுகாவலராக இருக்கும் நேபாளப் பையன்கள் வரத் தொடங்கியதும் கடுகெண்ணெயும் அவலும் வாங்கி வைத்தேன். சுங்கை சிப்புட்டில் நாங்கள் இருந்த தோட்டத்தை ஒருமுறை போய்ப் பார்த்தேன். ரப்பர் போய்ச் செம்பனை நிற்கிறது. மாரியம்மன் கோயில் அப்படியே இருக்கிறது. மிச்சமிருந்த ஒரு லயத்தின் கொடியில் வங்காளதேசத்துப் பையன்களின் கைலிகள் காய்ந்தன. அதில் ஒருவன் கைப்பேசியில் ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தான். யாரையோ சமாதானம் செய்யும் குரல், மொழி தெரியாமலே புரிந்தது. இரண்டு வருடத்தில் வந்துவிடுவேன் என்று சொல்கிறானோ என்று நினைத்துக்கொண்டேன்.

2023 ஜூலையில் இந்தியா வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. ஆகஸ்டில் புழுங்கல் அரிசிக்கு 20 விழுக்காடு ஏற்றுமதி வரி. அங்கே மழை பொய்த்துவிடுமோ என்ற பயம், விலைவாசி. எங்கள் நாட்டில் செப்டம்பர் முதல் தேதி பெர்னாஸ் என்ற அரிசி நிறுவனம் இறக்குமதி வெள்ளை அரிசியை டன் 2,350 வெள்ளியிலிருந்து 3,200 வெள்ளிக்கு ஏற்றியது. எல்லோரும் கட்டுப்பாட்டு விலையிலிருக்கும் உள்நாட்டு அரிசிக்கு ஓட, அது கடைகளில் கண்ணிலேயே படவில்லை. அக்டோபரில் இந்தியா நட்பு நாடுகள் சிலவற்றுக்கு விலக்களித்து மலேசியாவுக்கு 1,70,000 டன் ஒதுக்கியது. அந்த இரண்டு மூன்று மாதத்தில் என் கடை வாசலில் நான் கேட்ட பேச்சுக்கு அளவில்லை.

ஒரு சாயங்காலம், தெருக்கோடியில் இருக்கும் பெரியம்மா ஒருவர் வந்தார். பொன்னி அரிசி விலையைக் கேட்டார். சொன்னேன். பையைக் கல்லாமேசை மேல் வீசினார்.

"இருவது வருசமா உங்கிட்டத்தான் வாங்குறேன். பதுக்கி வச்சிக்கிட்டு வெலைய ஏத்துறியா? சொந்தச் சனத்துக்கிட்டயே கொள்ளையடிக்கிறியே, உருப்படுவியா நீ?"

கடையில் நாலைந்து பேர். என் முகம் சூடேறியது. மாதக் கணக்காக வாங்கிய விலைக்கே விற்றுக்கொண்டிருக்கிறேன். "பெரியம்மா, நான் என்ன செய்ய, டில்லியில..." என்று வாயெடுத்தேன்.

கல்லாவுக்குப் பின்னால், ஸ்டூலில் அப்பா உட்கார்ந்திருந்தார். எண்பத்து மூன்று வயது. காது மந்தம், ஆனால் இது கேட்டிருக்கிறது. என் முழங்கையைத் தொட்டார்.

"விடுப்பா. டில்லிய அவங்க எங்க பாத்தாங்க? எதிர்ல நிக்கிறது நீதான" என்றார்.

மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற குரலில். அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, பெரியம்மாவின் பையை எடுத்து உதறிக்கொண்டிருந்தார். பிறகு ஸ்டூலிலிருந்து எழுந்து, அதை மேசையைச் சுற்றி இழுத்துக்கொண்டு போய் அவர் பக்கம் போட்டார்.

"ஒக்காரும்மா. நடந்து வந்திருக்கீங்க. எத்தன கிலோ?"

பெரியம்மா உட்காரவில்லை. ரொம்ப நேரம் நின்றார். கடைசியில், "ரெண்டு போடு" என்றார். பத்துக் கிலோ வாங்கும் கை அது. நான் மூட்டையைத் திறந்து அளவுப்படியை உள்ளே விட்டேன். அப்பா பையின் வாயை இரண்டு கையாலும் அகலப் பிடித்துக்கொண்டு நின்றார், ஒரு மணி கீழே சிந்தாமல்.